தண்டவாளத்தை ஒட்டி ஓர் அறை: கிள்ளான் பள்ளத்தாக்கில் படிக்க வருவோருக்கு

ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் எழுதப்படும் மாணவர் வழிகாட்டிகளில் சைக்கிளைப் பற்றி நிச்சயம் சில பக்கங்கள் இருக்கும். அங்கே கல்லூரி, நூலகம், தேவாலயம், சந்தை எல்லாம் நடக்கிற தூரம். அந்த நினைப்போடு கோலாலம்பூரில் வந்து இறங்கினால் முதல் வாரமே கால் வலிக்கும். இங்கே மலாயாப் பல்கலைக்கழகம் லெம்பா பந்தாயில் இருக்கிறது. புத்ரா பல்கலைக்கழகம் செர்டாங்கில், தேசியப் பல்கலைக்கழகம் பாங்கியில், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் கோம்பாக்கில். தனியார் கல்லூரிகளில் பல சுபாங், சன்வே பக்கம் கூடிக் கிடக்கின்றன. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக நெரிசல் நேரத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும்.

இத்தனையையும் ஒரே ஊராகக் கட்டி வைத்திருப்பது ரயில்தான். அதனால் அறை தேடும்போது வளாகம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள். ரயில் நிலையம் எத்தனை நிமிட நடை என்று கேளுங்கள். அதுவும் வெயிலில், புத்தகப் பையோடு, நடைபாதை இருக்கிற வழியாக எத்தனை நிமிடம் என்று. வரைபடத்தில் அரை கிலோமீட்டர் என்று காட்டும் இடம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்து, நடைபாலம் இல்லாவிட்டால், அது பக்கத்து ஊர்தான்.

இந்த அத்தியாயம் பெரும்பாலும் மலாயாப் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து எழுதப்பட்டது. வேறு வளாகங்களுக்குப் போகிறவர்களுக்கும் அறை, பயணம், சாப்பாடு பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.

நீங்கள் நுழையும் இடம்

மலாயாப் பல்கலைக்கழகம்தான் நாட்டின் மூத்த பல்கலைக்கழகம். 1949 அக்டோபரில் சிங்கப்பூரில், ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் சேர்ந்து உருவானது. 1959இல் கோலாலம்பூருக்கு ஒரு பிரிவு வந்தது. 1962 ஜனவரி முதல் தேதி தனிப் பல்கலைக்கழகம் ஆனது. அந்த ஆங்கிலேயப் பல்கலைக்கழகங்களின் எண்ணூறு ஆண்டுக்கும் மேலான கணக்குக்கு முன்னால் இது சிறு வயதுதான். ஆனாலும் இங்கே தமிழுக்கு இடம் கிடைத்த கதையைத் தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது.

1950களில் இந்திய ஆய்வியல் துறை தொடங்குவது பற்றிப் பேச்சு எழுந்தபோது, ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்ட வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரச் சொன்னார். மலாயாத் தமிழர்கள் கொதித்தார்கள். மாணவர்களாக வரப்போகிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், தமிழை ஓரத்தில் வைத்து எதற்குத் துறை என்று கேட்டார்கள். ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். துறையின் நூலகத்துக்குத் தமிழ் நூல் வாங்குவதற்கான பணம் அது. தோட்டத்து மக்கள் வரைக்கும் கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். 1956இல் துறை வந்தது, தமிழ் அதன் நடுவே அமர்ந்தது. பின்னர் 1960களில் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் அதன் தலைவராக இருந்தார். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்ததற்கு அவர்தான் காரணம்.

நீங்கள் பொறியியல் படிக்கலாம், கணக்கியல் படிக்கலாம். இருந்தாலும் முதல் மாதத்திலேயே ஒரு நாள் மத்திய நூலகத்துக்குப் போய்த் தமிழ் நூல்கள் இருக்கும் அடுக்குகளைப் பாருங்கள். அங்கே எத்தனையோ பழைய மலாயா இதழ்களும் நூல்களும் வாசகர் இல்லாமல் இருக்கின்றன. பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையிலும் சேர்ந்துகொள்ளுங்கள். அதன் சிறுகதைப் போட்டியும் அதிலிருந்து வரும் ‘பேரவைக் கதைகள்’ தொகுப்பும் இந்நாட்டு எழுத்தாளர்கள் பலருக்கு முதல் படி. எழுதும் ஆசை இல்லாதவர்களும் சேரலாம். பழைய பாடக் குறிப்புகள், வாடகை அறைகள், ஊருக்குப் போகும் காரில் ஓர் இடம் என்று நடைமுறைக்குத் தேவையான பாதி விஷயம் அங்கேதான் கைமாறும்.

முதல் ஆண்டு விடுதியில்

கிடைத்தால் விடுதியை விடாதீர்கள். வளாகத்துக்குள் எண்ணிட்ட தங்கும் கல்லூரிகள் பன்னிரண்டுக்குக் குறையாமல் இருக்கின்றன. முதல் கல்லூரிக்கு ‘அஸ்தார்’ என்று பெயர், மற்றவற்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. மாணவர்கள் பெயரைவிட எண்ணைத்தான் சொல்வார்கள். அறைத் தோழர் கிளந்தானிலிருந்தும் வரலாம், சபாவிலிருந்தும் வரலாம். தமிழ்ப் பிள்ளையோடுதான் இருப்பேன் என்று அடம்பிடித்து முதல் வாரமே அறை மாற்றிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வீண். பேச்சு மலாய் சரளமாக வர ஓர் ஆண்டு ஒரே அறையில் இருப்பதைவிட நல்ல வகுப்பு கிடையாது. அலுவலகங்களில் அந்த மலாய்தான் வேலையை முடித்துத் தரும்.

சோறு வடிக்கும் மின்சட்டியை அம்மா பெட்டியில் வைத்து அனுப்பும் முன், எந்த மின்சாதனத்துக்கு அனுமதி என்று விடுதி அலுவலகத்தில் கேளுங்கள். சோதனையில் பறிபோகும் பொருள்களில் முதலிடம் அதற்குத்தான்.

பி.டி.பி.டி.என். கல்விக் கடனை நம்பி வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வகுப்பு தொடங்கிய அன்றைக்கே பணம் கணக்கில் ஏறாது. முதல் சில வாரச் செலவுக்குத் தனியாகக் கையில் வைத்திருங்கள். எம்.ஐ.இ.டி., தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் போன்ற நம் அமைப்புகளின் உதவித் திட்டங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு வந்தபிறகு பாரம் தேடாமல், சான்றிதழ் நகல்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே அறை தேடும்போது

இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ விடுதியை விட்டு வரவேண்டி இருக்கும். அப்போதுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது.

எங்கே தேடுவது? கிளானா ஜெயா எல்.ஆர்.டி. ரயில் பாதையில் கே.எல். சென்ட்ரலை அடுத்து பங்சார், அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி, அதன்பின் யூனிவர்சிட்டி நிலையம். அங்கிருந்து வளாகத்துக்குள் போகப் பேருந்து உண்டு. நடந்து போகிற தூரம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கெரிஞ்சி, பந்தாய் டாலாம் பகுதிகளின் அடுக்குமாடி வீடுகளில் மாணவர்கள் அதிகம். பெட்டாலிங் ஜெயாவின் பிரிவு 16, பிரிவு 17 பழைய தரைவீடுகள் நிறைந்த இடம். வளாகத்துக்குப் பக்கம், கொஞ்சம் அமைதி. ஃபிலியோ டமன்சாரா எம்.ஆர்.டி. நிலையம் பிரிவு 16க்குக் கைகொடுக்கும். வாடகை அதிகமாகத் தெரிந்தால் அதே எல்.ஆர்.டி. பாதையில் இன்னும் நாலைந்து நிலையம் தள்ளிப் பாருங்கள். பத்து நிமிடம் கூடுதல் பயணம் மாதத்துக்கு நூறு வெள்ளியை (ரிங்கிட்) மிச்சப்படுத்தினால் லாபம்தான்.

பணக் கணக்கு இப்படி. முழு வீட்டுக்கு வழக்கமாக இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, ஒரு மாத வாடகை முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாத வைப்பு, ஆக மூன்றரை மாத வாடகை முதலிலேயே போகும். நால்வர் சேர்ந்து 1,600 வெள்ளிக்கு ஒரு வீடு எடுத்தால் சாவி கைக்கு வருமுன் 5,600 வெள்ளி வேண்டும், தலைக்கு 1,400. தனி அறைக்குச் சிலர் குறைத்துக்கொள்வார்கள். கேட்டுப் பாருங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை.

வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள். “இன்னும் மூன்று பேர் வரிசையில் இருக்கிறார்கள், முன்பணம் போட்டால் உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்” என்று கைப்பேசியில் செய்தி வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள், அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாயிற்றா என்று கேளுங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாக வைக்க முடியாது. குடிபோகும் அன்று சுவர், குளிரூட்டி, குளியலறைக் குழாய், மின்மானி எண் எல்லாவற்றையும் படம் பிடித்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து வைப்புத்தொகையைத் திருப்பிக் கேட்கும்போது அந்தப் படங்கள் பேசும்.

இனி, எந்த வழிகாட்டியும் எழுதத் தயங்கும் ஒன்று. வாடகை விளம்பரங்களில் ‘இந்தியர்களுக்கு இல்லை’ என்றோ, குறிப்பிட்ட இனத்தவர் மட்டும் என்றோ போட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். சில இடங்களில் விளம்பரத்தில் எழுதாமல், பெயரைக் கேட்டதும் “இப்போதுதான் ஆள் எடுத்துவிட்டார்கள்” என்பார்கள். முதல்முறை அடி வயிற்றில் விழும். இது தவறு, இதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்ற பேச்சும் பல ஆண்டுகளாக நடக்கிறது. ஆனால் அடுத்த திங்கள் வகுப்பு தொடங்குகிறவருக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க நேரம் இல்லை. நேரத்தை மிச்சப்படுத்தும் வழி ஒன்றே: வீட்டைப் பார்க்கக் கிளம்புமுன் முழுப்பெயரைச் சொல்லி, “வாடகைக்குத் தருவீர்களா” என்று நேராகக் கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் அடுத்த எண். வாதாடி வாங்கிய அறையில் நிம்மதியாகத் தூங்க முடியாது. நம் பிள்ளைகளுக்கு அறை கிடைப்பது பெரும்பாலும் விளம்பரத்தில் அல்ல. பட்டம் முடித்துக் கிளம்பும் ஓர் அண்ணனோ அக்காவோ “இந்த வீட்டு அங்கிள் நல்லவர், நான் சொல்கிறேன்” என்று கைகாட்டுவதில்தான். ஆகவே இறுதியாண்டு மாணவர்களோடு பழக்கத்தை முன்கூட்டியே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

கிள்ளான், ஷா ஆலம் பக்கம் தாழ்வான இடத்தில் தரைவீடு எடுக்கிறவர்கள் இன்னொன்றும் கேட்கவேண்டும்: 2021 டிசம்பரில் இங்கே தண்ணீர் எவ்வளவு ஏறியது? அந்த வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரையேறி நின்றார்கள். வீட்டுக்காரர் பதில் சொல்லத் தயங்கினால், பக்கத்து மளிகைக் கடையில் கேளுங்கள். சுவரில் நீர் நின்ற கோட்டைக் காட்டுவார்கள்.

பிரிக்பீல்ட்ஸ்

கோலாலம்பூருக்கு வரும் தமிழ் மாணவரின் கால் தானாகவே பிரிக்பீல்ட்ஸுக்குப் போகும். போகட்டும். யூனிவர்சிட்டி நிலையத்திலிருந்து நான்கு நிறுத்தம், கே.எல். சென்ட்ரலில் இறங்கி வெளியே வந்தால் ஜாலான் துன் சம்பந்தன். 1880களில் தீயும் வெள்ளமும் கண்ட கோலாலம்பூரைச் செங்கல்லால் கட்டச் சொன்னபோது சூளைகள் எழுந்த இடம் இது. பிறகு ரயில்வே பணிமனையும் அதன் குடியிருப்புகளும் வந்தன. தண்டவாளம் போட்டவர்கள் தமிழ்நாட்டுத் தமிழர்கள். நிலைய அலுவலர், எழுத்தர் வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர்கள். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில் அவர்கள் எழுப்பியது. 1904இல் கட்டிய விவேகானந்தா ஆசிரமம் இன்னும் நிற்கிறது. ‘லிட்டில் இந்தியா’ என்று அலங்கார வளைவும் வண்ணமும் வந்தது 2010இல்தான். அந்த வண்ணங்களைவிடப் பின்னாலுள்ள சின்னத் தெருக்கள்தாம் எனக்குப் பிடிக்கும்.

மாணவருக்குப் பயன்படுவதை மட்டும் சொல்கிறேன். பெர்ஹாலா சாலையில் ‘டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்’ இருக்கிறது. பரதமும் இசையும் பயில இடம், குறைந்த செலவில் நல்ல நிகழ்ச்சிகளைப் பார்க்கவும் இடம். அங்குள்ள அன்னலட்சுமி உணவகத்தில் சாப்பிட்டதற்கு நீங்கள் விரும்பியதைக் கொடுக்கலாம். மாதக் கடைசியில் கைச்செலவு தீர்ந்த மாணவர்கள் போவதுண்டு. போங்கள், ஆனால் பணம் வந்த மாதத்தில் ஒருமுறை போய்க் கூடுதலாக வைத்துவிட்டு வாருங்கள். பார்வையற்றோர் சங்கம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. வெள்ளைக் கைத்தடியோடு நடப்பவர்கள் அதிகம். நடைபாதையில் அவர்களுக்கு வழிகாட்டும் மஞ்சள் கோட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்தாதீர்கள்.

தங்குவதற்கு? நான் சிபாரிசு செய்யமாட்டேன். கே.எல். சென்ட்ரலைச் சுற்றி எழுந்த கோபுரங்களால் வாடகை ஏறிவிட்டது. இரவுச் சத்தமும் உண்டு. வாரம் ஒருமுறை வந்து வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு, மளிகை வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.

கிள்ளான்

கிள்ளானில் வீடு இருக்கும் மாணவர்கள் தினமும் கொமுட்டர் ரயிலில் போய்வரலாமா என்று கேட்பார்கள். முடியும், ஆனால் பொறுமை வேண்டும். இந்த நாட்டின் பழைய ரயில் பாதைகளில் இது ஒன்று. 1886இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை ஓடியது, 1890இல் ஆற்றைத் தாண்டிக் கிள்ளானைத் தொட்டது. இன்றும் பாதை வேலையால் ரயில் தாமதமாவது சகஜம். காலை எட்டு மணி வகுப்பு உள்ளவர் சரியான நேரத்துக்குக் கொண்டுசேர்க்கும் ரயிலை நம்பாமல் அதற்கு முந்திய ரயிலைப் பிடிப்பது நல்லது. பெண்களுக்கென்று தனிப் பெட்டி 2010 முதல் ஓடுகிறது; நெரிசல் நேரத்தில் அதைத் தேடி ஏறுங்கள்.

ஜாலான் தெங்கு கிளானாவில் துணி, மாலை, பலசரக்கு எல்லாம் பிரிக்பீல்ட்ஸைவிட மலிவாக அமையும் என்பது என் அனுபவம். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் மட்டும் அங்கே காரில் போகாதீர்கள், நிலையத்திலிருந்து நடந்துவிடுங்கள்.

தினசரிச் சின்ன விஷயங்கள்

மலேசியக் குடிமக்களுக்கு மாதம் 50 வெள்ளி ‘மை50’ அட்டை இருக்கிறது. எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், ரேபிட் பேருந்து எல்லாவற்றிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். கொமுட்டர் அதில் சேராது. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்களுக்கு இந்த அட்டை கிடையாது. மாணவர் சலுகை பற்றிப் பல்கலைக்கழக அனைத்துலக மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் மாணவர் அனுமதி எஜுகேஷன் மலேசியா வழியாகத்தான் வரும். அனுமதிக் கடிதம் கைக்கு வருமுன் விமானச் சீட்டு எடுக்காதீர்கள், வந்து சேர்ந்ததும் மருத்துவப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மோட்டார் சைக்கிள் வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே ஃபெடரல் நெடுஞ்சாலையில் தனிப் பாதை இருக்கிறது. பகலில் நல்லது, பின்னிரவில் தனியாகப் போக வேண்டாம். மழை கொட்டும்போது பாலத்தின் அடியில் சாலையிலேயே நிற்கிறவர்கள் மீது கார் மோதிய விபத்துகள் நடந்திருக்கின்றன. தனியாக ஒதுக்கிய கூடாரத்தில் மட்டும் நில்லுங்கள். நடக்கும்போது பையைச் சாலைப் பக்கத் தோளில் மாட்டாதீர்கள். பறித்துப் போகிறவர்கள் அந்தப் பக்கமிருந்துதான் வருவார்கள்.

மழை இங்கே பிற்பகலில் வரும், அதிலும் ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களில் நாள் தவறாமல் இடியோடு. குடையைப் பையிலேயே வைத்துவிடுங்கள். புகைமூட்டம் வரும் ஆண்டுகளில் ஆகஸ்ட், செப்டம்பரில் காற்றுத்தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டு ஓடப் போங்கள்.

தண்ணீர் பற்றியும் சொல்லவேண்டும். 2020 செப்டம்பரில் ஆற்றில் கழிவு கலந்து, பத்து லட்சத்துக்கும் மேலான வீடுகளுக்கும் கடைகளுக்கும் குழாய் நின்றது. அதற்குப் பிறகும் அவ்வப்போது நடக்கிறது. மூடியுள்ள பெரிய வாளி ஒன்று எந்த அறையிலும் முதல் நாளே வாங்கவேண்டிய பொருள்.

சாப்பாட்டில் பெரிய சிரமம் இல்லை. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் “அண்ணே, தே ஓ ஒன்னு, கூராங் மானிஸ்” என்றால் சர்க்கரை குறைத்துப் பால் இல்லாத தேநீர் வரும். பார்சல் வேண்டுமென்றால் “தாப்பாவ்” போதும். ரொட்டி சானாயும் தேத்தாரிக்கும் மலிவுதான். அதையே மூன்று வேளையும் சாப்பிட்டுப் பரீட்சைக்கு முன்பு மருத்துவமனை போகிறவர்கள் எல்லா ஆண்டும் உண்டு. சின்ன நோய்க்கு முதலில் பல்கலைக்கழக மருத்துவ நிலையம். அது மூடியிருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். அவசரத்துக்கு 999.

தைப்பூசம் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பொது விடுமுறை. பத்துமலைக்குக் கொமுட்டர் கோயில் வாசல் வரை போகும், அந்த நாள்களில் இரவிலும் ஓடும். காவடி எடுக்க நினைக்கும் மாணவர்கள் வகுப்பு அட்டவணையை ஜனவரிக்கு முன்பே பார்த்து, மறுநாள் தேர்வு இருந்தால் விரிவுரையாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிறகு போய் நின்றால் பெரும்பாலும் பலன் இருக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். படிப்பு முடிந்து அறையைக் காலி செய்யும் வாரத்தில், வீட்டுக்காரரிடம் பேசி உங்கள் இடத்துக்கு அடுத்த ஆண்டு வரப்போகும் ஒரு தம்பியையோ தங்கையையோ அறிமுகப்படுத்திவிட்டுக் கிளம்புங்கள். வீட்டுக்காரரின் பெயர், வாடகை, வைப்புத்தொகையை ஒழுங்காகத் திருப்பித் தருவாரா இல்லையா என்பதையும் பேரவையில் எழுதிக் கொடுங்கள்.